மெத்தையைத் தடிப்பாக்கினால் குதிரையின் புண் ஆறாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளிக் கடற்கரையில் சவாரி விடும் குதிரைகளின் முதுகில் புண் இருப்பதைப் பற்றி வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன கிழமை உங்கள் பத்திரிகையில் படித்தேன். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் கடைசியில் ஒரு பரிகாரம் சொல்லியிருந்தார்: சேணத்துக்குக் கீழே தடித்த மெத்தை போடும்படி குதிரைக்காரர்களைக் கட்டாயப்படுத்த வேண்டுமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குஷன் வேலை செய்கிறவன். ஓட்டோ சீட், வான் சீட், வீட்டுக் கதிரை எல்லாம் அடிப்பேன். 34 வருடமாக ஸ்பொஞ்சும் ரெக்சினும்தான் எனக்குச் சோறு. அப்படிப்பட்ட நான் மெத்தை வேண்டாம் என்பது, தேத்தண்ணிக் கடைக்காரன் தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்வது போலத்தான். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாசகி கேட்கும் மெத்தையை ஒரு குதிரைக்குத் தைத்துக் கொடுத்தவன் நானே.

குதிரையின் பெயர் பவளம். செம்பட்டை நிறப் பெண் குதிரை. சாம்பல்தீவுத் தம்பி ஒருவர், ஒரு காலத்தில் நுவரெலியாவில் பந்தயம் ஓடியது என்ற பேச்சை நம்பி வாங்கி வந்தார். ஓடியதோ இல்லையோ, ஆள் உயரம், நீண்ட கால், ஒடுங்கிய உடம்பு. வயதும் ஏறியிருந்தது. இடது தோளுக்குப் பின்னால் வெள்ளை மயிர் கொஞ்சம், உள்ளங்கை அளவு. தம்பியின் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, இது நல்ல அடையாளம், வீட்டுக்கு லட்சுமி என்றாராம். குதிரைக்கும் மாட்டுக்கும் சுழி பார்க்கிற வழக்கம் எங்களுக்குள் இன்னும் போகவில்லைதானே. பிறகுதான் தெரிந்தது, அது சுழியுமில்லை, லட்சுமியுமில்லை. எப்போதோ ஒரு சேணம் அதே இடத்தில் விடாமல் அழுத்தி, மயிரின் வேர் நிறத்தை இழந்து, வெள்ளையாக முளைத்திருக்கிறது. குதிரை வாங்குகிறவர்கள் சுழியைப் பார்க்க முதல் இந்த வெள்ளையைப் பார்க்க வேண்டும். அந்தக் குதிரை முன்பு என்ன பாடுபட்டது என்பதற்கு அதுதான் பதிவு.

போன வருடம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிய நேரம் தம்பி என் கடைக்கு ஒரு சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இதுக்குக் கீழ இரண்டு இஞ்ச் ஸ்பொஞ்ச் வைச்சு ஒரு மெத்தை தைச்சுத் தாங்கோ. குதிரைக்கு முதுகில உரைஞ்சு போச்சு."

நான் குதிரையைப் பார்க்கவில்லை. சேணத்தைப் பார்த்தேன், அளந்தேன், இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். நல்ல அடர்த்தியான ஸ்பொஞ்ச், மேலே ரெக்சின், ஓரத்தில் இரட்டைத் தையல். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு கிழமைக்குள் புண் பெரிதாகிவிட்டது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கப் போனால் கடிக்க வருகிறதாம். பகலில் பரியாக இருப்பது சேணத்தைக் கண்டதும் நரியாகிறது என்று தம்பி சிரித்தார். மாணிக்கவாசகர் காலத்துக் கதை அவருக்கு ஞாபகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டுபோன மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். உள்பக்கம் இரத்தமும் சீழும் காய்ந்து கிடந்தன. அன்று பின்னேரம்தான் முதல் தடவையாக அந்தக் குதிரையைப் பார்க்கப் போனேன்.

என் அப்பா தம்பலகாமத்தில் வண்டில் வைத்திருந்தவர். மாட்டுக்கு வரும் நுகத்தடிப் புண் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்தத் தெரிந்த விஷயம்தான் என்னை ஏமாற்றியது. மாட்டுக்குத் திமில் இருக்கும் இடத்தில், தோள்களுக்கு நடுவே, குதிரைக்கும் ஒரு மேடு இருக்கிறது. நாங்கள் அதையும் திமில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மாட்டின் திமில் சதை. நுகம் அதற்கு முன்னால் கிடந்து, அதில் முட்டித்தான் வண்டில் நகரும். குதிரையின் மேடு எலும்பு. முள்ளந்தண்டிலிருந்து மேல் நோக்கி நிற்கும் நீண்ட எலும்புகளின் நுனிகள், அவற்றுக்கு மேல் தோல், அவ்வளவுதான். அதில் சேணம் படவே கூடாது. குதிரையில் ஆள் இருக்கும்போதும் சேணத்தின் முன் வளைவுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். பவளத்தின் மேட்டில் சேணம் நேராக உட்கார்ந்திருந்தது. விரல் நுழைய இடமில்லை.

காரணம் இலகுவானது. அந்தச் சேணம் தம்பி முன்பு வைத்திருந்த மட்டக் குதிரையினுடையது. அது குட்டை, முதுகு பீப்பா மாதிரி அகலம். தோலையும் மெத்தையையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் சேணத்துக்குள் மரத்தாலோ இரும்பாலோ ஒரு சட்டம் இருக்கும். அதுதான் சேணத்தின் எலும்பு. வீட்டுக் கூரையின் கைமரத்தை நினைத்துப் பாருங்கள். பவளத்தின் முதுகு செங்குத்தாகச் சரிந்த கூரை; அந்தச் சட்டமோ தட்டையான கூரைக்குச் செய்தது. அது வழுகிக் கீழே இறங்கி முகட்டில் குந்திக்கொண்டது. நான் போட்ட இரண்டு அங்குல ஸ்பொஞ்ச் ஆள் ஏறிய உடனே அமுங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்னொரு பிழையும் செய்தேன். சேணத்தின் கீழே இரண்டு பக்கமும் நீளமான மெத்தை இருக்கும், நடுவில் முள்ளந்தண்டுக்கென்று ஒரு வாய்க்கால் விட்டிருப்பார்கள். முன்னிருந்து பின்வரை மூன்று நாலு விரல் அகலமாவது அதற்கு வேண்டும். நான் ஓட்டோ சீட் மாதிரி ஒரே துண்டாக மெத்தை தைத்து அந்த வாய்க்காலையே மூடியிருந்தேன்.

சரி, புண் ஆறட்டும் என்று மிருக வைத்தியர் சவாரியை நிறுத்தச் சொன்னார். ஈ மொய்க்காமல் பார்ப்பதே பெரிய வேலை. ஆறுவதற்கு ஆறு கிழமை எடுத்தது. அந்த ஆறு கிழமையும் தம்பிக்கு உழைப்பில்லை. கச்சான் காலம்தான் வெள்ளைக்காரர் வரும் காலம், அதுவும் போய்விட்டது.

புண் ஆறியதும் கூட்டாளி ஒருவரிடம் வேறொரு சேணம் இரவல் வாங்கினார். இது ஒடுக்கம். போட்டதும் மேட்டுக்கு மேலே ஒரு கைமுட்டி போகிற அளவு இடைவெளி. எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு கிழமை ஓடியது. அப்புறம் பவளம் மணல் சரிவில் இறங்க மறுத்தது. எட்டிவைத்து நடக்கிற குதிரை, எண்ணி எண்ணிக் கால் வைத்தது. முதுகைத் தொட்டால் தோலைச் சிலிர்த்துப் பின்வாங்கியது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மறுபடி கீழே ஒரு தடித்த துணி போட்டோம். பாடசாலைச் சப்பாத்து இறுக்கிக் கடிக்கிறது என்று பிள்ளை அழுதால், இன்னொரு சோடி காலுறை போட்டுவிடுவோமா? அதைத்தான் குதிரைக்குச் செய்தோம். ஒடுங்கிய சட்டம் ஏற்கனவே இரண்டு தோளுக்குப் பின்னாலும் இடுக்கி மாதிரிப் பிடித்திருந்தது. துணி தடிக்கத் தடிக்க இடுக்கி இறுகியது.

இந்த இடத்தில் அந்த வாசகி கொஞ்சம் யோசிக்க வேண்டும். அகலமான சேணத்துக்குக் கீழும் மெத்தை போட்டுப் பார்த்தாயிற்று, ஒடுங்கிய சேணத்துக்குக் கீழும் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டிலும் அடிபட்டது குதிரை.

வைத்தியர் மறுபடி வந்தார். குதிரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, ஓட்டோவுக்குச் சீட் அடிக்க முன்னம் ஓட்டோவை அளக்கிறனீங்கள்தானே?" வெட்கமாகத்தான் இருந்தது. மனிதர் கோபிக்கவில்லை. பவளத்தின் முன்காலைத் தூக்கி முன்னால் நீட்டி, என் உள்ளங்கையைத் தோள் எலும்புக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். கால் முன்னே போகும்போது தோள் எலும்பின் மேல் பக்கம் பின்னால் நகர்ந்து என் கையை இடித்தது. எங்களுக்குக் கழுத்தடியில் இருப்பது போலக் காறை எலும்பு குதிரைக்கு இல்லையாம். முன்கால்கள் உடம்போடு சதையாலேயே தொங்குகின்றன, அதனால் ஒவ்வொரு எட்டுக்கும் தோள் எலும்பு முன்னும் பின்னும் வழுகும். சேணத்தைத் தோளுக்கு மேல் ஏற்றிப் போட்டால் அந்த எலும்பு ஒவ்வொரு எட்டிலும் போய்ச் சட்டத்தில் முட்டும். ஆகவே சேணத்தை முதலில் கொஞ்சம் முன்னால் வைத்து, மயிர் படிந்த திசையிலேயே பின்னால் தள்ளி, அது தானாக நிற்கும் இடத்தில் விட வேண்டும். பின்னால் எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்கு ஒரு பக்கத்துக்கு 18 விலா எலும்பு. பதினெட்டாவதைத் தாண்டினால் முதுகைத் தாங்க விலா இல்லை. அங்கே பாரம் போகக் கூடாது.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் என் தொழிலைச் செய்தேன். வீட்டு வயரிங்குக்குப் போடும் தடித்த செம்பு வயரை இரண்டாக முறுக்கி முழ நீளத்துக்கு ஒரு கம்பி செய்துகொண்டேன். அதைக் குதிரையின் முதுகில் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் கையால் அமர்த்தினால் முதுகின் வளைவு அப்படியே கம்பியில் நிற்கும். நெளியாமல் தூக்கி அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து வெட்ட வேண்டும். ஒன்று தோள் எலும்புக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளி. இன்னொன்று முதுகு மிகவும் குழிந்த இடத்தில். மூன்றாவது கடைசி விலாவுக்குக் கிட்ட. நாலாவது கோடு நீளப் பக்கமாக, மேட்டிலிருந்து இடுப்பு வரை.

முதல் நாள் அளந்த அட்டைகளைக் குப்பையில் போட்டேன். கடற்கரையிலேயே நிறுத்தி அளந்ததுதான் பிழை. மணல் கடல் பக்கம் சரிவு, குதிரையின் ஒரு பக்கம் பணிந்து நின்றது. அதோடு தம்பி அது அசையாமல் நிற்கட்டும் என்று நிலத்தில் புல்லுப் போட்டிருந்தார். குதிரை தலையைக் குனிந்தால் முதுகின் வடிவமே மாறிவிடும். மறுநாள் ஒரு சீமெந்து முற்றத்தில் நாலு காலும் சமமாக ஊன்ற, தலை நேராக நிற்க வைத்து அளந்தோம். நாலு அட்டைக்கு முக்கால் மணித்தியாலம் போனது.

அட்டை பொய் சொல்லாது என்று நினைத்துத்தான் நடுவில் மடித்துப் பார்த்தேன், இரண்டு பாதியும் பொருந்தவில்லை. இடது தோளுக்குப் பின்னால் சதை வற்றிப் பள்ளமாக இருந்தது, வலது பக்கம் திரண்டிருந்தது. சேணம் எப்போதும் இடப் பக்கம் சாய்வதற்குக் காரணம் அது. தம்பி அதுவரை, சவாரிக்காரர் கோணலாக இருக்கிறார்கள் என்றே ஏசிக்கொண்டிருந்தார். நீளக் கோட்டிலும் ஒரு செய்தி இருந்தது. நடு முதுகு குழி விழுந்திருந்தது. இப்படிப்பட்ட முதுகில் நேரான சேணத்தை வைத்தால் அது பாலம் மாதிரி நிற்கும். முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம், நடுவில் வெறுங்காற்று. கட்டிலின் பாரம் முழுக்க நாலு காலில் இறங்குவது போல ஆளின் பாரம் முழுக்க அந்த நாலு இடத்தில் இறங்கும்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி செய்தோம். இரவல் சேணத்தின் கீழ் மெத்தையில் கோலமாவை மெல்லியதாகத் தடவி, குதிரையின் முதுகில் கறுப்புத் துணி விரித்து, சேணத்தை மேலிருந்து நேராக இறக்கி, வாரைப் பூட்டி, இழுபடாமல் கழற்றித் தூக்கினோம். துணியில் நாலு வெள்ளைத் திட்டு. நடுவில் ஒன்றுமில்லை. தம்பி நெடுநேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேணம் தேடிய கதையை நீட்ட விரும்பவில்லை. கொழும்பில் விற்பனைக்கு இருந்தவற்றின் படங்களை வட்ஸ்அப்பில் கேட்டோம், அட்டைகளை அளவுகோலுடன் படம் எடுத்து அனுப்பினோம். "எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்று சொன்ன இரண்டு பேரையும் விட்டுவிட்டோம். கடைசியில் கிடைத்தது இந்தியாவின் கான்பூரில் செய்த பழைய சேணம். அந்த ஊர் சேண வேலைக்குப் பெயர் போனது. இதில் முன் வளைவு இரும்பைத் திருகாணி கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றலாம். கீழ் மெத்தையும் கொஞ்சம் வளைவாக இருந்தது, குழி முதுகுக்கு அது நல்லது. பழைய சேணம் வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முதல் ஒன்று செய்யுங்கள்: முன் வளைவை வயிற்றில் முட்டக் கொடுத்துப் பின் நுனியை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். நடுவில் மடிந்தாலோ நறநறத்தாலோ உள்ளே சட்டம் உடைந்திருக்கிறது. அந்தச் சேணம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அட்டையை வைத்து முன் இரும்பைத் தெரிவு செய்தோம். சட்டத்தின் இரண்டு கால்களும் அட்டையின் சரிவோடு ஒரே சாய்வில் போக வேண்டும். நுனி குத்தவும் கூடாது, விரியவும் கூடாது. இதற்கும் அளந்தது வலது பக்கத்தை, அதாவது பெரிய தோளை. சிறிய பக்கத்துக்கு ஏற்றாற்போல் சட்டத்தை ஒடுக்கினால் பெரிய தோள் நசுங்கும். பெரிய பக்கத்துக்கு இடம் விட்டு, சிறிய பக்கத்தின் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இங்கேதான் மெத்தை வருகிறது. பாருங்கள், நான் முழுவதாக மெத்தைக்கு எதிரியில்லை. சட்டம் சரியாக இருந்தால் ஒரு மெல்லிய துண்டு பெரிய வேலை செய்யும்.

ஸ்பொஞ்ச் வைக்கவில்லை. அது அமுங்கிவிடும், வியர்வையைக் குடித்து நாறும். ரெக்சின் காற்று விடாது. நம்முடைய வெயிலில் அதன் கீழே தோல் அவியும். வீட்டில் ஒரு பழைய கம்பளிப் போர்வை இருந்தது, அசல் கம்பளி, பல தடவை கழுவிக் கழுவித் திரண்டு கெட்டியானது. அதில் உள்ளங்கையளவு துண்டுகள் வெட்டி, பருத்தித் துணியில் இடது தோளுக்குப் பின்னால் ஒரு பை தைத்து உள்ளே வைத்தேன். முதல் துண்டை வெட்டியபடியே வைத்தபோது அதன் ஓரம் முதுகில் கோடு போட்டது. பிறகு ஓரத்தை ஒவ்வொரு அடுக்காகச் சின்னதாக்கி, தோசை ஓரம் மாதிரி மெலிய விட்டேன். அந்த ஓரத்தை மெலியச் செய்வதற்கே இரண்டு பின்னேரம் போனது. 34 வருட வேலையில் இவ்வளவு பொறுமையாக நான் எதையும் வெட்டியதில்லை, என் மகளின் கலியாண மெத்தை உட்பட.

புதுச் சேணத்தோடு 20 நிமிடம் நடக்க விட்டுக் கழற்றிப் பார்த்தோம். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அளவுக்கு மிஞ்சி அழுத்தி வியர்வை வர விடவில்லை, அல்லது சேணம் அங்கே படவே இல்லை. எது என்று கையை விட்டுப் பார்த்தால் விளங்கும். பவளத்துக்கு வலது பின்பக்கம் சின்னதாக ஒரு காய்ந்த திட்டு. கைக்கு இறுக்கமாகத்தான் பட்டது. கீழ் மெத்தைக்குள் அடைத்த கம்பளி அந்த இடத்தில் கல்லுப் போலக் கட்டியாகியிருந்தது. ஓரத் தையலைப் பிரித்து, ஊசியால் கிளறித் தளர்த்தி, மறுபடி தைத்தேன். அது என் வேலை, அதில் சந்தேகமில்லை.

இப்போது வார் பூட்டும்போது பவளம் கடிப்பதில்லை. காதை மட்டும் பின்னால் மடக்கும். பழைய நினைவு போலிருக்கிறது. வாரைத் தம்பி ஒரேயடியாக இறுக்குவதில்லை. ஒரு துளை, பத்து எட்டு நடத்தி இன்னொரு துளை. வாருக்குள் மணல் போயிருந்தால் தட்டிவிடுவார். சவாரி முடிந்ததும் முதுகை நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கடல் தண்ணீரில் குளிப்பாட்டிக் காய விட்டால் உப்புப் படிந்து அடுத்த நாள் சேணத்தின் கீழே அரைக்கும். கீழே போடும் துணியை ஒவ்வொரு நாளும் துவைக்கிறார். அந்த வாசகி எதையாவது கட்டாயப்படுத்தச் சொல்வதென்றால் இந்தத் துவைப்பைச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றை அவர் சொல்லவே இல்லை. சேணம் எவ்வளவு பொருந்தினாலும் ஏறுகிறவரின் பாரம் என்று ஒன்று இருக்கிறது. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு, அதில் சேணமும் அடங்கும். தராசு எங்கே என்று கேட்பீர்கள். தையல் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ வரும். பவளத்துக்குச் சுற்றளவு 178, நீளம் 158. கணக்கு 421 கிலோ. ஐந்தில் ஒன்று 84. சேணமும் மற்றதும் 9 கிலோ. ஆகவே 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆளைத் தம்பி ஏற்றுவதில்லை. மட்டக் குதிரை 230 கிலோதான், அதே கணக்கில் 37 கிலோ, சின்னப் பிள்ளைகள் மட்டும். இதனால் அவருக்கு நட்டம்தான். போன மாதம் ஒரு பெரிய உடம்புக்காரர் இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்று நின்றாராம். குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஏறுவதற்கு மரத்தில் ஒரு படியும் அடித்துக் கொடுத்தேன். நிலத்தில் நின்று அங்கவடியில் கால் வைத்துத் தொங்கி ஏறினால் பாரம் முழுவதும் இடப் பக்கம் இழுத்துச் சேணத்தை முறுக்கும். ஒரு நாளைக்கு இருபது பேர் அப்படித் தொங்கினால் எந்தச் சேணமும் கோணும்.

நெடுந்தீவில் குதிரைகள் சேணமில்லாமல் சும்மா திரிகின்றன, இங்கேயும் அப்படி விட்டுவிடலாமே என்று என் மருமகன் கேட்டான். விடலாம். ஆனால் தம்பியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பவளத்துக்கும் புல்லும் தவிடும் அந்தச் சவாரிக் காசில்தான் வருகிறது. சவாரியை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது குதிரை.

எங்கள் கோயில்களில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி குதிரை வாகனத்தில் வருவார். அந்த மரக்குதிரையின் முதுகு பாட்டன் காலத்திலிருந்து ஒரே அளவு. உயிருள்ள குதிரை அப்படியில்லை. தீனி கூடினால் முதுகு அகலும், வேலை குறைந்தால் சதை வற்றும். அதனால் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை அளவு எடுக்கிறோம். இதுவரை நாலு தடவை எடுத்தாயிற்று. அட்டைகள் திகதி எழுதி என் கடையில் ஆணியில் தொங்குகின்றன. வருகிறவர்கள் ஏதோ சட்டை வெட்டும் மாதிரி என்று நினைக்கிறார்கள். முதல் தடவை வெட்டிய தோள் அட்டையையும் நாலாவது தடவை வெட்டியதையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் இடது தோளின் பள்ளம் ஏறக்குறையப் பாதி நிரம்பியிருப்பது தெரிகிறது. மூன்று அடுக்குக் கம்பளியில் இரண்டை எடுத்துவிட்டேன். வெள்ளை மயிர் மட்டும் அப்படியே இருக்கிறது. அது இனி மாறாது.

அந்த வாசகிக்கு ஆட்சேபனை இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏற முன்னம், சாம்பல்தீவுக்கு வந்து பவளத்தைப் பார்க்கலாம். குதிரை வைத்திருக்கும் வேறு யாரும் என்றாலும், கம்பி என்னிடம் இருக்கிறது, வந்து அளந்து தருகிறேன், கூலி இல்லை. அட்டையும், குதிரையைப் பிடித்து நிற்க ஒரு ஆளும் நீங்கள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாரி மழைக்குள் அளப்பதில் பிரயோசனமில்லை, அந்த மாதங்களில் சவாரியும் இல்லை, குதிரையின் உடம்பும் வேறாகும். பவளத்துக்கு ஐந்தாவது தடவை அளவு எடுப்பது தைப் பொங்கல் கழித்துத்தான். அன்று கடைசி அடுக்குக் கம்பளியையும் எடுக்கலாமா என்று தெரியும்.

இப்படிக்கு,
குஷன் வேலைக்காரன்,
திருகோணமலை.